வீரமுத்துக் கங்காணியும் அட்டை உப்பும்

சாவுச் செய்தி கேட்டால் மனிதர்கள் "ஐயோ" என்பார்கள். என் வாயிலிருந்து வந்தது, "என்னாத்தத் தின்னு தொலைச்சாரு?" என்பதுதான்.

வீரமுத்துக் கங்காணி செத்துப்போனதைச் சொல்ல வந்தவர் அவருடைய தங்கை மகன் மாரிமுத்து. டயகமப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி, நான் இப்போது டிஸ்பென்சராக இருக்கும் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு நனைந்த கோட்டோடு வந்து நின்றார். என் கேள்வியில் அவர் கொஞ்சம் மிரண்டுதான் போனார்.

"ஒண்ணும் திங்கலீங்க ஐயா. மலைக்கு ஏறுற கல்லுப்படி பாசி பிடிச்சுக் கெடந்துச்சு. வழுக்கி விழுந்து தலையில அடி. நேத்துப் பொழுது சாயுறதுக்குள்ள போயிட்டாரு."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எட்டு வருஷம் அந்த மனிதருடைய குண்டிக்காயோடு, அதாவது சிறுநீரகத்தோடு, மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆறு வருஷம் அவருடைய தோட்டத்திலேயே டிஸ்பென்சராக இருந்து மல்லுக்கட்டினேன். மாற்றலாகி இங்கே வந்த பிறகு, இரண்டு வருஷம், மாதம் ஒருமுறை அவர் பஸ் ஏறி வந்து என் முன்னால் காலை நீட்டுவார், நான் விரலால் அமுக்கிப் பார்த்துத் திட்டி அனுப்புவேன். போன மாதம்கூடக் கால் ஒழுங்காக இருந்தது. இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய உடம்பை ஒரு பாசிக்கல்லில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். யாரிடம் சொல்லி முட்டிக்கொள்வது?

தோட்ட மேலாளரான துரையிடம் நான் லீவு வாங்குவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கருமாதிக்குத்தான் போக முடிந்தது. அவரோடு அதே தோட்டத்தில் இருந்த உங்களுக்கு அவர் எப்பேர்ப்பட்ட கங்காணி, எவ்வளவு நியாயமான மனிதர் என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை, அதை நீங்களே பேசிக்கொள்வீர்கள். அவர் எப்பேர்ப்பட்ட நோயாளி என்பது எனக்குத்தான் தெரியும். அதைச் சொல்லாவிட்டால் என் நெஞ்சு ஆறாது.

முதன்முதலில் அவர் வந்தது தலைவலி மாத்திரைக்கு. கோட்டும் தலைப்பாகையுமாக டிஸ்பென்சரி வாசலில் நின்றார். நான் தற்செயலாகக் காலைப் பார்த்தேன். கணுக்காலே தெரியவில்லை. "மழைக் காலுங்க ஐயா, அடைமழை புடிச்சா இப்படித்தான் ஊதும்" என்றார். கட்டைவிரலால் முன்காலை அமுக்கினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். மேல்பாதி வெள்ளையாகத் திரண்டுவிட்டது, வெந்த முட்டை மாதிரி. அவர் அதை உற்றுப் பார்த்தார்.

"என்னாங்க ஐயா, முட்டையாட்டம் இருக்கு?"

"ஆமாம். முட்டையில் இருக்கிற சத்து மாதிரி ஒரு சத்துதான் உங்கள் உடம்பிலிருந்து வீணாக ஒழுகுகிறது."

"காலையில ரெண்டு முட்டைதாங்க தின்னேன். அதுக்குள்ளயா வந்துருச்சு?"

எங்கள் எட்டு வருஷமும் இந்தப் போக்கில்தான் போயிற்று.

டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பெரிய டாக்டர் நாள் முழுக்கச் சோதித்துவிட்டு, இது ஆரம்பம்தான், குண்டிக்காய் இன்னும் வேலை செய்கிறது, இதைக் குணமாக்கும் மருந்து என்று ஒன்றுமில்லை, சாப்பாட்டில்தான் இருக்கிறது சூட்சுமம் என்றார். உப்பை நிறுத்து, இறைச்சியும் மீனும் பருப்பும் அளவோடு, தண்ணீரும் அளவோடு. ஒழுங்காக இருந்தால் பல வருஷம் வேலை செய்துகொண்டே இருக்கலாம், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் படுக்கைதான். இப்படிப் பிட்டுப் பிட்டு வைத்தார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். தோட்டத்துச் சந்தியில் இறங்கியதும் கங்காணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இத பொஸ்தகத்துல எழுதிராதீங்க. நோயாளின்னு தெரிஞ்சா தொரை பேர வெட்டிருவாரு. பேரு போனா குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும். நாப்பது வருசமா இங்க கெடக்கேன். இங்க எனக்கு ஓட்டும் இல்ல, அங்க இந்தியாவுல எனக்கு ஆளும் இல்ல. எந்த ஊருக்குங்க போவேன்?"

நான் சட்டதிட்டம் பார்க்கிறவன். எழுதாமல் விட்டது தெரிந்தால் என் வேலையும் போகும். ஆனாலும் அந்த மனிதரையும் அவர் மனைவி காளியம்மாவையும் ஒரு பெட்டியோடு ரோட்டில் நிறுத்திப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. "சரி, எழுதவில்லை. ஆனால் நான் சொல்கிற பத்தியத்தை இம்மி பிசகாமல் இருக்க வேண்டும். பிசகினால் அன்றைக்கே எழுதிவிடுவேன்" என்றேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை நம்பினேன் பாருங்கள், அது என் முட்டாள்தனம்.

பத்தியம் என்றால் நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, அதுதான் தொல்லை. நான் ஒன்றைச் சொன்னால் அவர்களிடம் ஏற்கனவே பத்து இருக்கும். கத்தரிக்காயை நிறுத்தினார்கள், பூசணியை நிறுத்தினார்கள், நான் நினைத்தே பார்க்காததையெல்லாம் நிறுத்தினார்கள். பக்கத்து லயத்துக்காரர் ஒருவர், குண்டிக்காய் கெட்டால் ஆட்டுக் குண்டிக்காய் தின்றால் ஊறிவிடும் என்று சொல்லி, ஹட்டனிலிருந்து வாரம் ஒருதரம் வாங்கி வந்து மிளகு போட்டு வறுத்துக் கொடுத்திருக்கிறார். இறைச்சியைக் குறை என்று நான் இங்கே தொண்டை கிழியக் கத்துகிறேன், அங்கே ஆட்டின் குண்டிக்காய் சட்டியில் வேகிறது. அந்தப் புண்ணியவானைக் கூப்பிட்டுக் கேட்டால், "நல்லதுக்குத்தானுங்களே ஐயா செஞ்சேன்" என்றார்.

கருவாட்டுக் கதை அதைவிட மோசம். ஒருநாள் மத்தியானம் லயத்துப் பக்கம் போனேன். கங்காணி வீட்டு வாசலிலேயே கருவாடு சுடும் வாசனை. உள்ளே மனிதர் நிம்மதியாக உட்கார்ந்து ரொட்டியும் சுட்ட கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு மறைக்கவும் இல்லை.

"கங்காணி! உப்புச் சேர்க்கக் கூடாது என்று சொன்னேனா இல்லையா?"

"சேக்கலீங்களே ஐயா. ரொட்டி மாவுல உப்பில்ல, கொழம்புல உப்பில்ல. காளியம்மாவக் கேளுங்க."

"கருவாட்டில்?"

"அதுல நம்ம போடலீங்களே. அது கடக்கரையில போட்டது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அவர் கணக்கில் உப்பு என்பது அடுப்படியில் காளியம்மா கையால் விழுவது மட்டும்தான். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசலில் நின்றே கத்தினேன். காளியம்மாவைப் பார்த்து, "இனிமேல் இந்த வீட்டுக்குள் உப்பு என்ற ஒன்று இருக்கவே கூடாது. ஒரு கல் உப்பு கண்ணில் பட்டாலும் நான் பேரை எழுதிவிடுவேன், தெரிந்ததா?" என்றேன். அந்த அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க ஐயா" என்றார். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நன்றாகப் போயிற்று. வீக்கம் வடிந்தது. குழாயில் திரளும் வெள்ளை பாதியாகக் குறைந்தது. நானும் என் திறமையை நினைத்துக் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன். அடுத்த அடைமழையில் கால் மறுபடி ஊதியது. முகமும் ஊதியது. நேரே காளியம்மாவிடம் போய்ச் சத்தம் போட்டேன். "மாரியாத்தா சத்தியமா வீட்டுல ஒரு கல்லு உப்பு இல்லீங்க ஐயா" என்று அடுப்படியைத் திறந்து காட்டினார். பானை பானையாகத் தேடினேன். உண்மையிலேயே இல்லை. ஆனாலும் நான் அந்த அம்மாவை நம்பவில்லை.

குட்டு வெளிப்பட்டது மலையில். மழைக்காலத்தில் நம் மலைகளில் அட்டை எப்படி ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். கொழுந்து பறிக்கிற பெண்கள் காலில் தேய்த்துக்கொள்ள உப்புக் கொண்டுபோவார்கள். வீரமுத்துக் கங்காணி, பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள் என்று தானே ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய உப்பு வைத்துக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே ஆளுக்கு ஒரு கை கொடுத்து அனுப்புவார். அந்த டப்பா அவர் அக்குளை விட்டு இறங்காது. அன்றைக்கு ஒரு பெண்ணுக்குக் கத்திவெட்டு என்று ஆள் வந்ததால் மலைக்குப் போனேன். கட்டுப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிரே கங்காணி. முழங்காலுக்குக் கீழே ரத்தம் ஒழுகுகிறது. இடது காலில் ஆறு, வலது காலில் நாலு அட்டைக்கடி. மற்றப் பெண்கள் காலில் ஒன்றிரண்டுகூட இல்லை.

உப்பு டப்பாவை அக்குளில் வைத்துக்கொண்டிருக்கிற மனிதரை மட்டும் ஏன் இத்தனை அட்டை கடிக்கிறது?

"கங்காணி, உங்கள் பங்கு உப்பு எங்கே?"

அவர் மேலே மலையைப் பார்த்தார், கீழே ஆற்றைப் பார்த்தார். செல்லம்மா என்ற பெண் கூடையோடு திரும்பி நின்று சிரித்தாள். "கங்காணி பங்கு ரொட்டிக்குப் போயிருதுங்க ஐயா. தேத்தண்ணி நேரத்துல தெனம் ஒரு கிள்ளு" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

டப்பா உப்பை மற்றவர்களுக்குக் குறைக்கக் கூடாது என்ற நியாயம் அவருக்கு இருந்திருக்கிறது. அதனால் தன் பங்கை மட்டும் எடுத்து ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, காலை அட்டைக்குக் கொடுத்திருக்கிறார். இந்த மாதிரி நேர்மையை நான் எங்கேயும் பார்த்ததில்லை, இந்த மாதிரி மடத்தனத்தையும் பார்த்ததில்லை. அத்தனை பெண்களுக்கு முன்னால் அவரைத் திட்டினேன். குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் மெதுவாக, "நாக்கு செத்துருச்சுங்க ஐயா. அது உசுரோட இருக்கான்னு பாக்கத்தான் ஒரு கிள்ளு" என்றார்.

அன்றைக்குப் பேரை எழுதியிருக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்தும் வைத்தேன். எழுதவில்லை. அதற்குப் பதிலாக டப்பாவை வாங்கி வந்து, உப்போடு புகையிலைத் தூளையும் கார்பாலிக் சோப்புச் சீவலையும் கலந்து, மேலே கொஞ்சம் மண்ணெண்ணெயும் தெளித்துத் திருப்பிக் கொடுத்தேன். இனி எப்படித் தின்கிறார் பார்க்கலாம் என்று. நடந்தது என்ன தெரியுமா? அந்தக் கலவைக்கு அட்டை கிட்டவே வரவில்லை. பெண்கள் வெறும் உப்பு வேண்டாம் என்றுவிட்டார்கள். பக்கத்து டிவிசனிலிருந்து கேட்டு வந்தார்கள். பெயர் என்ன வைத்தார்கள்? "கங்காணி மருந்து." கண்டுபிடித்தவன் நான். மாதாமாதம் என் டிஸ்பென்சரியில் உட்கார்ந்து சோப்பைச் சீவியவனும் நான். அவரோ யாராவது புகழ்ந்தால், "ஏதோ நம்மால ஆனது" என்று தலைப்பாகையைச் சரிசெய்துகொள்வார்.

அதன்பிறகு அவர் திருடவில்லை. பேரம் பேச ஆரம்பித்தார். வருஷத்தில் மூன்று நாள் ஒரு துண்டுக் கருவாடு சாப்பிட அனுமதி வாங்கினார்: தீபாவளி, பொங்கல், மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள். நான் ஒன்றுதான் என்றேன், அவர் ஏழில் ஆரம்பித்தார். மூன்றில் முடிந்த பிறகும், "தேர்தல் நாளையும் சேத்துக்குங்க ஐயா" என்றார்.

"ஓட்டே இல்லாத ஆளுக்குத் தேர்தல் நாளில் என்ன விசேஷம்?"

"அதனாலதாங்க. அன்னைக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அந்த ஒரு நாளை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கல்யாணம், சடங்கு என்று கூப்பிட்டால் ஒரு காலத்தில் முதல் பந்தியில் இருப்பவர், போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் உட்கார்ந்துவிட்டால் உடம்பும் உட்கார்ந்துவிடும், போங்கள், உப்பில்லாமல் தனியாகக் கொஞ்சம் சமைத்துத் தரும்படி நானே சொல்கிறேன் என்று விரட்டினேன். அவர் சொன்ன பதில் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. "உப்பில்லாமத் திங்கிறது கஷ்டமில்லீங்க ஐயா. தேசிக்காப் புளி இருக்கு, பச்சமொளகா இருக்கு, மல்லிய வறுத்துப் போட்டா வாசம் தூக்கும். எதுத்தாப்புல இருக்கிறவன் என்னைப் பாத்துப் பாவப்படுறான் பாருங்க, அதுதான் தொண்டையில எறங்க மாட்டேங்குது." பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பந்தியில் சாப்பிட உட்காராமல் பரிமாற நின்றார். அதற்குப் பிறகு எல்லா வீட்டு விசேஷத்திலும் உங்களுக்குச் சோறு போட்டது அவர் கை. அவர் எப்போது சாப்பிட்டார் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை.

இனிக் கருமாதிக்கு வருகிறேன். மகன்கள் இருவரும் கல்யாணமாகி வேறு தோட்டங்களுக்குப் போய் நெடுநாளாகிறது, அன்றைக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வெளியே பந்தல் போட்டுப் பெரிய அண்டாக்களில் ஊருக்குச் சமைத்தார்கள். கங்காணிக்குப் படைக்கிற சோறும் குழம்பும் மட்டும் காளியம்மா உள்ளே தன் கையால் சமைத்தார். நான் வாசல் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா வெளியே வந்து என் முன்னால் நின்றார். கையில் ஒரு சிரட்டை. அதில் உப்பு, பந்தலிலிருந்து வாங்கி வந்தது.

"ஐயா, இன்னைக்கு உப்புப் போடலாங்களா?"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போடுங்கம்மா, தாராளமாப் போடுங்க" என்றேன்.

அவர் போகவில்லை. "எம்புட்டுப் போடணுங்க? கைக்கு அளவு மறந்துருச்சு."

எனக்கு எட்டு வருஷப் பழக்கத்தில் எரிச்சல்தான் முதலில் வந்தது. "அது எப்படி மறக்கும்? அவருக்கு உப்பில்லாமல் ஆக்கினால் உங்களுக்குத் தனியாக ஆக்கியிருப்பீர்களே?"

"எனக்கு ஏதுங்க தனியா? வீட்டுல ஒரு கல்லு இருக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

ஏறக்குறைய எட்டு வருஷம். கண்ணும் காலும் குண்டிக்காயும் நன்றாக இருக்கிற ஒரு மனுஷி, மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, நான் அன்றைக்கு ஆத்திரத்தில் கத்திய ஒரு வார்த்தைக்காக உப்பில்லாச் சோறு தின்றிருக்கிறார். கங்காணி திருடித் தின்ற ஒரு கிள்ளுகூட இவர் தின்னவில்லை. மாரியாத்தா மேல் சத்தியம் செய்தபோதும் இவர் பொய் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். மாதாமாதம் அந்த வீட்டுப் படியேறி ஒருவர் காலையே அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்தில் நின்றவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்கத் தோன்றவில்லை. இத்தனை நாள் நான் கங்காணியைத் திட்டியதெல்லாம் அந்த நிமிஷம் என் பக்கமே திரும்பியது.

சிரட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், என் கையாலேயே குழம்பில் உப்புப் போட்டேன். படையலுக்கு முன் ருசி பார்க்கக் கூடாது என்பதால் குத்துமதிப்பாகத்தான் போட்டேன். படைத்துக் கும்பிட்டு முடிந்ததும், முதல் இலையில் காளியம்மாவை உட்காரவைத்து, எல்லோரும் பார்க்க அந்தச் சோற்றைப் போடச் சொன்னேன். ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி, "கரிக்குதுங்க ஐயா" என்றார். இலையை மெதுவாக ஒதுக்கிவைத்துவிட்டார். நானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

அந்தப் பிஸ்கட் டப்பாவை மகன்களிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். இன்னும் புகையிலையும் மண்ணெண்ணெயும் நாறுகிறது. டிஸ்பென்சரி மேசையில், நோயாளியின் முகத்துக்கு நேராக வைத்திருக்கிறேன். பத்தியம் சொல்வதை நான் நிறுத்தவில்லை. கத்துவதையும் இன்னும் நிறுத்த முடியவில்லை. ஆனால் ஒருவருக்குப் பத்தியம் சொல்லி முடித்தவுடன் டப்பா கண்ணில் படுகிறது, உடனே ஒரு கேள்வி கேட்கிறேன்: "உங்க வீட்டுச் சட்டியில இன்னும் யார் யார் சாப்பிடுறாங்க?"